களத்தில் சாணம் காயாத இடம்

இப்போது ஆய்வுக்குப் போகிறவர்கள் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதுமாம். பண்ணையின் வரைபடம் தானாக வந்துவிடுகிறதாம். கிணறு எங்கே, கொட்டகை எங்கே, பக்கத்து நிலத்துக்காரர் எந்தத் திசையில் என்பதெல்லாம் வானத்திலிருந்தே தெரிகிறது என்கிறார்கள். என் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகக் காட்டினார்கள். "நீங்கள் எல்லாவற்றையும் கையால் வரைந்தீர்களாமே சார், அதைப் பற்றி எழுதிக் கொடுங்கள்" என்றும் கேட்டார்கள்.

கருவியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அது களத்தின் மேற்பரப்பை அழகாகக் காட்டுகிறது. அந்தக் களத்தில் ஒரு பெண் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், வந்தவர்களைக் கண்டும் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதையும் காட்டினால் நானே ஒன்று வாங்கிக்கொள்வேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் இரண்டு வரியில் முடித்துவிடலாம். வேளாண்மை படித்தேன், அரசுத் துறையில் சேர்ந்தேன், ஊர் ஊராகப் போய் யூரியா போடுங்கள் என்று சொன்னேன். பிறகு விருப்ப ஓய்வு பெற்று, அதே ஊர்களுக்குப் போய் யூரியா போட்டீர்களா என்று மோப்பம் பிடிக்கும் வேலைக்கு வந்தேன். இரண்டுக்கும் சம்பளம் கொடுத்தார்கள்.

இரண்டாவது வேலை தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கியது. ரசாயனம் இல்லாமல் விளைந்த பொருளுக்கு வெளிநாட்டில் நல்ல விலை என்று வியாபாரிகள் கண்டுபிடித்த சமயம் அது. ஆனால் வாங்குகிறவர்கள் விவசாயியின் வாய்ச்சொல்லை நம்பமாட்டார்கள். ஒரு மூன்றாம் ஆள் நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். அந்த மூன்றாம் ஆட்களுக்கு மைசூரில் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி அறை இருந்தது. கீழே மிளகாய் மண்டி. காலையில் மூட்டை இறக்கும் நேரத்தில் நாங்கள் மேலே தும்மிக்கொண்டே உலகச் சந்தைக்கு உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் தலைவர் டாக்டர் நஞ்சுண்டையா. ஓய்வுபெற்ற உழவியல் பேராசிரியர். வெள்ளை முழுக்கைச் சட்டையோடு வயலுக்கு வருவார். துண்டுகூட விரிக்காமல் மண்ணில் உட்காருவார். எழுந்திருக்கும்போது சட்டையில் கறை இருக்காது. அது எப்படி என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அறிக்கையை அவர் வாசிக்கமாட்டார். எங்களை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். குரல் எங்கே தயங்குகிறதோ அங்கே கண்ணைத் திறப்பார். சந்தேகம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் பாராட்டுவார். "பேஷ் ரீ, ரொம்ப நல்ல பண்ணை" என்பார். ஒரே பண்ணையை மூன்று முறை பாராட்டினால் அந்தப் பண்ணையின் கதை முடிந்தது என்று நாங்கள் புரிந்துகொள்வோம். கன்னடத்தில்தான் பேசுவார், நான் தமிழில் தருகிறேன்; மரியாதைக்கு ஒட்டும் அந்த 'ரீ'யை மட்டும் விட்டுவைக்கிறேன்.

அவர் கற்றுக்கொடுத்த முறைகள் எளிமையானவை. மருந்து அடித்தீர்களா என்று யாரையும் கேட்கக் கூடாது. இல்லை என்பார்கள், வேறென்ன சொல்வார்கள்? களையை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். உண்மையாகவே களை எடுத்தவன் முதுகு வலியிலிருந்து ஆரம்பிப்பான். மருந்து அடித்தவன் யோசிப்பான். வயலுக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும்: விளக்கெண்ணெய் எந்தப் புட்டியில் இருக்கிறது, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் சாக்கு எந்த உரக் கம்பெனியுடையது, கூரை இடுக்கில் என்ன செருகியிருக்கிறது. பிறகு எல்லையைக் காலால் அளந்து, திசைமானி வைத்து, பண்ணையை வரைய வேண்டும். கிணறு, ஓடை, பாதை, பக்கத்து நிலம், விளைந்ததைச் சேர்த்து வைக்கும் ஒவ்வொரு இடம் என்று எதுவும் விடுபடக் கூடாது. சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு சேமிப்பிடம் கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் கிடையாது. குழுவாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் தவறினாலும் குழுவுக்கே கிடையாது.

ஹனூருக்குத் தெற்கே, பாலாற்றுப் பக்கம் காட்டை ஒட்டி அப்படி ஒரு குழு இருந்தது. கொள்ளேகால் தாலுக்கா அப்போது மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஏழு தமிழ்க் குடும்பங்கள். அப்பன் காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்து கல்லைப் பொறுக்கிப் போட்டு நிலமாக்கியவர்கள். ராகி, எள், கொஞ்சம் அவரை. உரம் வாங்கப் பணமில்லாததால் ஆட்டுப் பட்டி போட்டு நிலத்தை வளப்படுத்தி வந்தார்கள். அவர்கள் வறுமைக்கு இயற்கை வேளாண்மை என்று பெயர் வைத்தது மைசூர் எள் வியாபாரி ஒருவர்.

அந்த ஏழு பேரில் கருப்பண்ணனின் நிலம்தான் காட்டுக்கு மிக அருகில். ஜனவரியில் ஒருநாள் அங்கே போனேன். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்றார்.

"வாங்க சாமி. பஸ்ஸிலயா வந்தீங்க?"

"பஸ்ஸிலதான். நடந்துதான் மீதி. களையெல்லாம் எப்படி எடுத்தேள் இந்த வருஷம்?"

அவர் களையை விட்டுவிட்டு என் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பேசறது எந்த ஊருத் தமிழுங்க சாமி?"

"மேல்கோட்டை."

"அங்க தமிழு பேசுவாங்களா?"

"வீட்டுக்குள்ளே மட்டும்."

"எங்களுக்கும் இப்ப அப்படித்தானுங்க" என்றார். "காவிரிக் கலாட்டாவுக்குப் பொறவு ரோட்டுக்குப் போனா கன்னடந்தான். சந்தைல எம் பொண்டாட்டி என்னைக் கூப்பிடறதுகூடக் கன்னடத்துல."

பிறகு களையைப் பற்றிச் சொன்னார். முதுகிலிருந்துதான் ஆரம்பித்தார். எள் விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை. மூட்டைகளைத் திறந்து பார்த்தேன், சுத்தமான எள். பட்டி போட்ட ஆடுகள் எங்கே மேய்ந்தன என்று கேட்டேன், நேரான பதில். வீட்டுக் கூரையில் எதுவும் செருகியிருக்கவில்லை. நல்ல பண்ணை என்று முடிவு செய்துவிட்டு ராகிக்கு வந்தேன். சான்று எள்ளுக்குத்தான், ஆனால் பண்ணை முழுவதையும் பார்ப்பது விதி.

"ராகி எவ்வளவு கண்டது?"

"மூணு மூட்டைங்க. மழை எங்கீங்க பேஞ்சுது? பாதி வெள்ளாமை காஞ்சே போச்சுங்க."

அறுத்த ராகித் தாள் வயலில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. விரல் தடிமன், நெருக்கமான குத்துகள். காய்ந்துபோன வெள்ளாமையின் தாள் அப்படி இருக்காது. மாட்டுக்கென்று அடுக்கியிருந்த வைக்கோலும் மூன்று மூட்டைக்கு உரியதல்ல. ஒரு விவசாயி எனக்கு முன்னால் விளைச்சலைக் கூட்டிச் சொல்வது வழக்கம். வெளியில் வாங்கியதை உள்ளே கலப்பதற்கு அது வசதி. குறைத்துச் சொன்னவரை அன்றுதான் பார்த்தேன். என்ன லாபம் என்று புரியவில்லை. புரியாத பொய் புரிந்த பொய்யைவிட மோசமானது.

அப்போதுதான் களத்தைக் கவனித்தேன். தரை முழுவதும் பழைய சாணம், வெடித்து வெளுத்துப் போயிருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் புதிதாக மெழுகியிருந்தது. பச்சை இன்னும் காயவில்லை. அதன்மேல் கருப்பண்ணனின் மனைவி நல்லம்மாள் முறத்தோடு உட்கார்ந்து அவரைக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தார். நான் வந்தபோதும் அங்கேதான் இருந்தார். எல்லை அளந்து திரும்பியபோதும் அங்கேதான். அந்தப் பக்கத்து வீடுகளில் அந்நியன் வாசலில் நின்றால் பெயர் கேட்பதற்கு முன் மோர் வரும். எனக்கு வரவில்லை. கருப்பண்ணன் தானே உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பெண்டாட்டி உட்கார்ந்திருக்கப் புருஷன் விருந்தாளிக்குத் தண்ணீர் எடுத்துவந்ததை அந்த ஊர்களில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் களத்துப் பக்கம் இரண்டு அடி வைத்தேன்.

"இக்கட்ட வராதீங்க சாமி" என்றார் நல்லம்மாள், முறத்திலிருந்து தலை நிமிராமல். "அவரைத் தூசு. உங்க வெள்ளைத் துணிக்கு ஆவாது."

நான் அன்று போட்டிருந்தது காக்கி.

படம் வரைய உட்கார்ந்தபோது கருப்பண்ணன் பின்னால் வந்து நின்றார். "எள்ளுக்குத்தானே சீட்டு. ஊட்டுக்கு எதுக்குங்க சாமி படம்?" என்றார். விதி என்றேன். "அந்தப் படம் யாரு கைக்கெல்லாம் போவுமுங்க?" என்றார். அலுவலகத்துக்கு என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

மைசூர் திரும்பி அறிக்கையை வாசித்தேன். டாக்டர் நஞ்சுண்டையா களம் என்ற இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"பேஷ். நல்ல பண்ணை" என்றார். அது முதல் பாராட்டு.

"அடியில் ஏதோ புதைத்திருக்கிறார்கள் சார். உர மூட்டையாக இருக்கலாம்."

"என்ன மறைக்கிறான் என்று கேட்கிறீர்கள். யாரிடமிருந்து மறைக்கிறான்?"

"நம்மிடமிருந்துதான். அந்தக் காட்டோரத்துக்கு வேறு யார் போகிறார்கள்?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சொல்லாமல் ஒருமுறை போவோம். நானும் வருகிறேன்."

சொல்லாமல் போவதற்கும் ஒரு முறை உண்டு. வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது ஓட்டுநரிடம்கூட ஊரைச் சொல்லக் கூடாது. ஹனூர் தாண்டிய பிறகு இடம், வலம் என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த முறைப்படியே போய், பாலாறு போகும் சாலையில் ஒரு சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டோம். எங்கே போகிறோம் என்று ஓட்டுநரைக் கேட்டார்கள். தெரியாது என்றான். பிறகு என் பையைத் திறந்தார்கள்.

அந்த வருடங்களில் அந்தக் காட்டுக்குள் ஒளிந்திருந்த சந்தனக் கடத்தல்காரர் யார், அவரைத் தேடி எத்தனை பேர் அலைந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் பையில் இருந்தவை: ஒரு திசைமானி, ஒரு நீள அளவுநாடா, மண் துளைக்கும் கருவி, காட்டோரத்து ஏழு வீடுகளின் கையால் வரைந்த படம். ஓடைகளும் ஒற்றையடிப் பாதைகளும் அதில் தெளிவாக இருந்தன. வேலையை ஒழுங்காகச் செய்ததற்காக நான் வருத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

சாவடியின் ஏட்டு பருத்த, சிரித்த முகத்துக்காரர். அந்த எல்லையில் பேசும் கன்னடம் கலந்த தமிழ் அவருக்குச் சரளமாக வந்தது.

"ஏனு சார் இது, என்னது? யார் ஊட்டு மேப்பு?"

விளக்கினேன்.

"ஊரு?"

"மைசூர்."

"அது ஆயித்து. சொந்த ஊரு?"

"மேல்கோட்டை."

"மேல்கோட்டைல தமிழு எங்கிருந்து வந்துச்சு?"

"பல நூறு வருஷமா அங்கதான் இருக்கோம்."

"அத்தனை வருஷமா மேப்பு போடறீங்களா?" என்றார். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் டாக்டர் நஞ்சுண்டையா வண்டியிலிருந்து இறங்கி வந்து சாவடியின் ஒழுங்கைப் பாராட்டினார். வாசலில் வைத்திருந்த செம்பருத்தியைப் பாராட்டினார். மைசூரில் யாருக்கோ தொலைபேசியில் பேசச் சொன்னார். ஒருவாறாக நாங்கள் எள் பார்க்க வந்தவர்கள் என்பது நிலைநாட்டப்பட்டது. அதன் பிறகு ஏட்டுக்கு எங்கள் தொழிலில் ஆர்வம் வந்துவிட்டது.

"ஊட்டுக்குள்ள எல்லாம் போவீங்களா?"

"போவோம்."

"ராகி எவ்ளோ வச்சிருக்கான்னும் பாப்பீங்க?"

நான் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"எங்களைக் கண்டா பானையைக் கவுத்து வச்சிருவாங்க சார். ஒரு குடும்பம் திங்கறதுக்கு மேல ராகி இருந்துச்சுன்னா, அது யாருக்குன்னு நாங்க கேக்கணும். காட்டுக்குள்ள இருக்கறவனுக்கும் வயிறு இருக்குதல்லா?" தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். "வாங்க, நானும் வரேன். காட்டோரம். உங்களுக்கும் தொணை ஆச்சு."

மறுக்க வழியில்லை. வண்டியில் எனக்கும் டாக்டருக்கும் நடுவில் அவர் உட்கார்ந்தார். மெழுகிய இடம் என் நினைவிலிருந்து போகவேயில்லை. யாரிடமிருந்து என்ற கேள்விக்கு விடை என் தோளை இடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

வண்டிச் சத்தம் கேட்டுக் கருப்பண்ணன் வெளியே வந்தார். ஏட்டு இறங்கியதைப் பார்த்தார். ஆனால் அவர் கண் ஏட்டிடம் நிற்கவில்லை, என்னிடம் வந்து நின்றது. படம் யார் கைக்கெல்லாம் போகும் என்று கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கொட்டகையிலிருந்து நல்லம்மாள் முறத்தோடு வந்து, யாரையும் பாராமல், நடுக்களத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தார். முறத்தில் இந்த முறை அவரைகூட அதிகமில்லை.

"ஏனம்மா, ஒரு சொம்பு தண்ணி கொடு" என்றார் ஏட்டு.

"மேலுக்கு முடியலீங்க. அவரு எடுத்தாருவாருங்க."

கருப்பண்ணன் உள்ளே ஓடினார். ஏட்டு தலையைச் சாய்த்து நல்லம்மாளைப் பார்த்தார். பருத்த உடம்பாக இருந்தாலும் கண் சோம்பேறியல்ல.

"மேலுக்கு முடியாதவ வெயில்ல வந்து உக்காந்து பொடைக்கறியா?" என்று கேட்டுக்கொண்டே களத்தை நோக்கி நடந்தார்.

"ஏட்டய்யா, அங்கே மிதிக்காதீங்கோ!"

அந்தக் கூச்சல் என்னுடையது. எல்லோரும் திரும்பினார்கள். கத்திய பிறகுதான் அடுத்து என்ன சொல்வதென்று யோசித்தேன்.

"மண் மாதிரி எடுக்கப்போறேன். உங்க பூட்ஸில ரோட்டுத் தார் இருக்கும். அது ஒட்டினா சாம்பிளே கெட்டுப்போயிடும், சோதனைச்சாலையில் எல்லாம் தப்பாக் காட்டும்."

மண் மாதிரி எடுக்கும் முறையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பல இடங்களில் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து ஒரு சீவல் மண் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சுத்தமான துணியில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரிக்க வேண்டும். எதிரெதிர் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து, மறுபடி நான்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பிடி மிஞ்சும் வரை இது நடக்கும். துணியை எங்கே விரிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நிழலில் விரிப்பது வழக்கம்.

நான் துணியை எடுத்துக்கொண்டு வெயிலில் நடுக்களத்துக்குப் போனேன்.

"எழுந்திருங்கோ அம்மா" என்றேன்.

நல்லம்மாள் அசையவில்லை. முறத்தின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அவரைப் பொறுத்தவரை போலீசைக் கூட்டிக்கொண்டு வந்தவன் இப்போது மூடியைத் திறக்கச் சொல்கிறான்.

குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இடத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பி எழுந்தார் என்று எழுத ஆசை, அப்படியில்லை. வேறு வழியில்லாமல் எழுந்தார். அவர் புடவை விலகிய இடத்தில் நான் துணியை வீசி விரித்தேன். காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. உள்ளே வெற்றிடம் உள்ள தரைதான் அப்படி அதிரும்.

டாக்டர் நஞ்சுண்டையா துணியின் பக்கம் திரும்பவேயில்லை. அளவுநாடாவின் நுனியை ஏட்டின் கையில் கொடுத்தார். "உங்களைப் போல நடக்கப் பழகியவர் எங்களுக்குக் கிடைக்கமாட்டார் ரீ. கிழக்கு மூலை வரை போய்ப் பிடித்துக்கொள்ள முடியுமா?" என்றார். கிழக்குக்குப் பிறகு தெற்கு. தெற்குக்குப் பிறகு களை எடுப்பதைப் பற்றி அவருக்கு நீண்ட விளக்கம். கருப்பண்ணன் வயலில் குழி வெட்டிக் கொண்டுவந்து கொட்டிய மண்ணை நான் களத்தில் உட்கார்ந்து கலந்தேன், பிரித்தேன், தள்ளினேன், மறுபடி கலந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு திருத்தமாக ஒரு மாதிரி எடுத்ததில்லை. திரும்பி வந்த ஏட்டு சற்று நேரம் பார்த்தார். பிறகு வண்டிக்குப் போய்க் கால்நீட்டித் தூங்கிவிட்டார்.

திரும்பும் வழியில் அவர் என்னைக் கேட்டார்: "இத்தனை மண்ணையும் கொட்டிட்டு ஒரு பிடி எடுத்துக்கிட்டுப் போறீங்க. இதுக்குச் சம்பளம் கொடுக்கறாங்களா சார்?"

"கொடுக்கறா" என்றேன்.

அவரைச் சாவடியில் இறக்கிவிட்டோம். கொள்ளேகால் தாண்டியதும் டாக்டர், "பேஷ் ரீ, நல்ல மாதிரி" என்றார். மறுநாள் அலுவலகத்திலும் அதையே சொல்லத் தொடங்கினார். மூன்றாவது பாராட்டு வருவதற்கு முன் நானே வாயைத் திறந்தேன்.

"அது ராகி சார். போலீசுக்குப் பயந்து மறைத்திருக்கிறார்கள்."

"பார்த்தீர்களா?"

"இல்லை."

"போலீசுக்குத் தெரியக் கூடாது என்று மூடினால் ராகி. நமக்குத் தெரியக் கூடாது என்று மூடினால் யூரியா. சாணம் இரண்டையும் ஒரே மாதிரிதான் மூடும்." மிளகாய் நெடிக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். "ஏழு குடும்பத்துக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்."

அதில் தவறு சொல்ல முடியாது. நானும் உள்ளூர அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரைக் காப்பாற்றியதாலேயே அவர் யோக்கியர் ஆகிவிடுவதில்லை.

மூன்றாம் முறை தனியாக, பஸ்ஸில் போனேன். பையை எடுத்துப் போகவில்லை. கருப்பண்ணன் வாசலிலேயே நின்றார், உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்குத் துணி விரிச்சீங்க" என்றார். "அதுக்கு எங்ககிட்ட என்னங்க எதிர்பாக்கறீங்க?"

"களத்துக்கு அடியில் என்ன இருக்குன்னு தெரியணும். உரமா இருந்தா ஏழு பேருக்கும் சீட்டு கிடையாது. பார்க்காம எழுதவும் முடியாது."

"அது காலிக் குழிங்க."

"காலின்னா திறக்கறதுக்கு என்ன?"

"எந் தம்பி ஒரு மூட்டை ராகியைச் சைக்கிள்ல வெச்சு மாமியா ஊட்டுக்குக் கொண்டுபோனானுங்க" என்றார் கருப்பண்ணன். குரல் உயரவில்லை. "சாவடில உக்கார வெச்சுட்டாங்க. யாருக்குக் கொண்டுபோறே, யாருக்குக் கொண்டுபோறேன்னு அதே கேள்வி. வெளிய வந்தவன் ஆத்துக்கு அக்கட்டயே போயிட்டான். நெலம் கெடக்குது, அவன் வரலீங்க. நீங்க பாத்தா உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாராவது உங்களைக் கேப்பாங்க. கேட்டா நீங்க படிச்சவரு, பொய் சொல்ல வராது."

என் கல்வியைப் பற்றி அவருக்கு இருந்த உயர்ந்த எண்ணம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. முடிவு செய்தது நல்லம்மாள். கடப்பாரையைக் கொண்டுவந்து புருஷனிடம் நீட்டினார்.

"தொறங்க" என்றார். "காலிதானே. சாமி பாக்கட்டும்."

சாணத்தையும் மண்ணையும் சுரண்டிப் பலகைக் கல்லை நகர்த்தினார்கள். ஓர் ஆள் இறங்கும் அளவு வாய், உள்ளே இருட்டு. மைசூர்ச் சீமையில் ராகிக்குழி தெரியாத விவசாயி கிடையாது. திறந்தவுடன் யாரும் இறங்கமாட்டார்கள். முதலில் விளக்கு இறங்கும். மூடிய குழிக்குள் தானியம் மூச்சு விட்டு விட்டு நல்ல காற்றைத் தின்றுவிடும். தெரியாமல் இறங்கியவர்களைப் பிணமாக எடுத்த கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

நல்லம்மாள் ஓர் அகலை ஏற்றி, உறிக் கயிற்றில் வைத்து, மெல்ல இறக்கினார். நான் மண்டியிட்டுக் குனிந்தேன். குழியின் கழுத்துவரை சுடர் நின்றது. கழுத்தைத் தாண்டியதும் சிறுத்தது, நீலமாயிற்று, அணைந்தது. முகத்தில் வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்து மோதியது. புளித்த, மக்கிய, கொஞ்சம் இனிப்பான வாடை. யூரியாவின் காரம் அதில் துளிகூட இல்லை. அந்தக் காரத்தை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன்.

"வெளக்கு நிக்கலீங்க சாமி" என்றார் நல்லம்மாள். "எறங்கப்படாது."

"இறங்கக் கூடாதுதான்."

"காலிங்க" என்றார் கருப்பண்ணன்.

நான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன். காலிக் குழி கழுத்திலேயே விளக்கை அணைக்காது. உர மூட்டை மூச்சு விடாது. அந்த வாய்க்குக் கொஞ்சம் கீழே, வைக்கோல் போர்த்திக்கொண்டு, நிறைய ராகி உயிரோடு இருந்தது. அது எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவிடாமல், ஆனால் தெரிந்துகொள்ளும்படி, அந்த அம்மாள் காரியத்தை முடித்துவிட்டார்.

"காலி" என்றேன்.

டாக்டரிடம் வாய்மொழியாகவே சொன்னேன். குழி இருக்கிறது, காலி என்கிறார்கள், விளக்குக் கழுத்தைத் தாண்டவில்லை, வாடை ராகியுடையது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். விளக்கு என்றபோது கண்ணைத் திறந்தார், சிரித்ததாகக்கூட ஞாபகம். படத்தில் அந்த இடத்தில் களம் என்று மட்டும் எழுதச் சொன்னார். ஏழு குடும்பத்துக்கும் சான்றிதழ் போயிற்று. எள்ளும் கப்பலேறிற்று.

நன்றிக் கடிதம் எதுவும் வரவில்லை. அடுத்த ஆண்டு ஆய்வுக் காலத்துக்கு முன்பு அந்த எள் வியாபாரி அலுவலகத்துக்கு வந்து சங்கடத்தோடு ஒரு விஷயம் சொன்னார். ஹனூர் குழுவில் கருப்பண்ணன் என்ற ஒருவர், போன தடவை வந்த சாமி வேண்டாம், வேறு ஆளை அனுப்புங்கள் என்கிறாராம். காரணம் கேட்டால் சொல்ல மறுக்கிறாராம். டாக்டர் என்னைப் பார்க்காமல், ஆகட்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். குழியைப் பற்றித் தெரிந்த வெளியாள் என்று அவர் கண்டது ஒருவனைத்தான். அவன் வருஷா வருஷம் வந்து களத்தில் நிற்பதை நானும் விரும்பியிருக்கமாட்டேன்.

எனக்குப் பதிலாக ஷிமோகாப் பக்கத்து ஆய்வாளர் ஒருவர் போனார். கூர்மையானவர், அடிக்கடி வாக்குவாதம் செய்கிறவர். திரும்பி வந்ததும் படத்தை என் மேசையில் விரித்தார்.

"இந்தக் கருப்பண்ணன் பண்ணை உங்களுக்குத் தெரியுமா? எள் சுத்தம், எல்லாம் சரி. ஆனால் களத்துக்கு நட்ட நடுவில் வைக்கோல் போர் போட்டிருக்கிறான். தாள் அடிக்கக்கூட இடமில்லை. எந்த விவசாயியாவது களத்து நடுவில் போர் போடுவானா? அதைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது."

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். அழகாக வரைந்திருந்தார்.

"வேண்டாம்" என்றேன். "அந்த ஆளுக்கு விவசாயமே தெரியாது."